அட்டவணை

காணிக் கந்தோரில் பதினேழாம் இலக்கம் நான்.
வீட்டுத்திட்டத்துக்கு உறுதி வேண்டுமாம்.
உறுதி நொத்தாரிசின் அலுமாரியோடு
எண்பத்தேழில் எரிந்துபோயிற்று.
"அப்ப பின்னாலை போய்ப் பாருங்கோ" என்றார் ஜெசிந்தா மிஸ்
புத்தக அறையைக் காட்டி.

பின்னால் போனேன்.

அறுபத்தொன்றில் அப்பா இருக்கிறார்.
பூதன் செல்லன், மூன்று பரப்பு, பதினொரு குழி,
குருவிச்சங்கலட்டி என்னும் காணியின் தென்மேற்கு மூலை.
கையெழுத்து கோணலாய், ஆனால் கையெழுத்து.
பெருவிரல் இல்லை.
அந்தத் தாளை இரண்டு தரம் தடவினேன்.
பக்கத்தில் நின்றவர் தள்ளி நின்றார்.

இருபத்துநாலில் எங்களுக்குத் தாள் இல்லை.
வேறொருவர் காணியின் எல்லைக்குள் நிற்கிறோம்:
கிழக்கு ஒழுங்கை, வடக்கு ஆறுமுகத்தாருக்குச் சொந்தமான நிலம்,
மேற்கு தெய்வானைப்பிள்ளைக்குச் சொந்தமான நிலம்,
தெற்கு
பூதன் குடியிருக்கும் நிலம்.

எழுதினவன் பிழைவிடவில்லை.
மூன்று திசைக்கு ஒரு சொல்,
எங்கள் திசைக்கு வேறு சொல்.

அதற்கு முந்திய புத்தகங்களில் வேலிதான் வருகிறது.
பூவரசங்கதியால், கிளுவங்கதியால்.
மத்தியானம் மின்விசிறி நின்றது.
பூச்சி அரித்த ஓட்டைகளூடே
அடுத்த பக்கத்து ஆண்டுகள் தெரிந்தன.
ஜெசிந்தா மிஸ் பாணும் சம்பலும் சாப்பிட்டு முடித்து
"அக்கா, கடைசிக் கட்டிலை ஓலையிலையிருந்து
பெயர்த்தெழுதின பிரதியள் கிடக்கு" என்றார்.

ஒரு சீதன உறுதி.
இறகுநாத முதலி தன் மகளுக்கு எழுதிக்கொடுத்தது.
கீழே அட்டவணை:

*குருவிச்சங்கலட்டி இருபத்திரண்டு பரப்பு.
அதில் நிற்கும் பனை முப்பத்தாறு, வடலி ஒன்பது.
பூதன் பெண்சாதி வயிரி.
அவள் வயிற்றில் உள்ளது.
கிணற்றில் காற்பங்கு, வழி, வாய்க்கால்.
பித்தளைக் குடம் இரண்டு.*

பூதன் என்று அப்பாவுக்கு ஒரு தகப்பன்.
அந்தத் தகப்பனின் பாட்டனுக்கும் அதே பேர்.
தலைமுறைக்கு ஒன்று விட்டு ஒன்றாய்
நாங்கள் காவிவந்த பேர்
இங்கேதான் ஒருத்தியின் முன்னால் நிற்கிறது.
பூதனை வேறு யாருக்கு எழுதினார்கள் என்று
தேடிப்பார்த்தேன். இல்லை.

வயிரிக்கும் வயிற்றுக்கும் சேர்த்து இருபத்தைந்து இறைசால்.
குடங்களுக்கு விலை எழுதவில்லை.

வடலிக்கும் கிணற்றுக்கும் இடையில் அவள்.
கிணறு அவளுக்கு அடுத்த வரி.
அந்தக் கிணற்றுக்கட்டில்
என் அப்பா முதல்முதல் கால் வைத்தது அறுபத்தெட்டில்,
ஏழு பேரோடு, பொலிசும் நிற்க.
உறுதியில் ஒரு விரற்கடை தூரம்.

பிரதி எடுக்கப் படிவம் தந்தார்கள்.
பேர், அடையாள அட்டை இலக்கம்.
*விண்ணப்பகாரருக்கும் காணிக்கும் உள்ள தொடர்பு.*

உரிமையாளர் என்று எழுதலாம். மூன்று பரப்புக்கு அது சரி.
வாரிசு என்று எழுதலாம்.
எவருடைய வாரிசு என்று கேட்டால்
முதலியின் மகளோடு நான் பங்குக்கு நிற்கிறேன் என்றாகும்.
பேனை காய்ந்து, உதறி, பிறகு எழுதினேன்:
அட்டவணையில் இருக்கிறோம்.
நாலாவது வரி.

ஜெசிந்தா மிஸ் வாசித்தார்.
புத்தகத்தைத் திருப்பி அந்தப் பக்கத்தையும் வாசித்தார்.
அவர் வீட்டுப் பேர் எனக்குத் தெரியாது.
அவர் ஆர் ஆக்கள் என்று
இந்த ஊரில் எல்லாரும் கேட்பதை நான் கேட்கவில்லை.

"இப்பிடி ஒரு தொடர்பு கணினியிலை இல்லை அக்கா.
பிறவெண்டு போடட்டே?"

போடச் சொன்னேன்.

முத்திரைக்காசு இருநூற்றைம்பது.
ஐநூறுக்குச் சில்லறை இல்லை என்று
என்னை ஒரு மணித்தியாலம் இருத்திவைத்தார்கள்.
மடியில் பிரதி சூடாக இருந்தது.
வயிற்றில் உள்ளது என்ற இடத்தில்
மை கொஞ்சம் ஊறிப் பரந்திருந்தது,
பிறக்க முதலே
எழுத்தை உதைத்ததுபோல.